ஆற்றில் மீன் விடுவதா, தண்ணீர் விடுவதா?

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி என்று மூன்று ஆறுகள் ஓடுகின்றன. ட்வின் பிரிட்ஜஸ் என்ற சின்ன ஊரின் பக்கத்தில் மூன்றும் சேர்ந்து ஜெஃபர்சன் ஆறாகின்றன. பிரவுன் டிரவுட் என்ற குளிர்நீர் மீனில் பெரியதாகப் பிடிக்க எங்கே போகலாம் என்று அனுபவமுள்ள தூண்டில்காரர் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றின் பெயராவது வந்துவிடும். 2023ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மாநில மீன்வளத் துறை வழக்கம்போலக் கணக்கெடுத்தது. இந்த ஆறுகளின் பல பகுதிகளில், அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கைதான் வந்தது.

அந்த எண் சும்மா கண்ணால் பார்த்துச் சொன்னது அல்ல. தட்டையான படகில் ஜெனரேட்டரை ஏற்றி, முன்பக்கம் தண்ணீருக்குள் மின்முனையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றோடு இறங்குவார்கள். மின்சாரம் பட்ட மீன்கள் சில விநாடிகள் மயங்கி மேலே வரும். நீளமான கைவலையால் அள்ளித் தொட்டியில் போட்டு, நீளமும் எடையும் குறித்துக்கொண்டு, துடுப்பின் ஓரத்தில் துளியூண்டு வெட்டி அடையாளம் வைத்துத் திரும்ப விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பிடிப்பார்கள். இரண்டாம் முறை கிடைத்த மீன்களில் எத்தனைக்குத் துடுப்பு வெட்டுப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து, ஒரு மைல் நீளத்துக்கு எத்தனை மீன் என்று கணக்கு வரும். பல பத்தாண்டுகளாக இதே இடங்களில் இதே முறையில் நடக்கும் வேலை இது. அதனால்தான் அந்த எண்ணைக் கேட்டு ஊரே கலங்கியது. போதாக்குறைக்கு உடம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மீன்கள், முகத்தில் புண்ணான மீன்கள் என்று பிக் ஹோலிலிருந்து படங்களும் வந்துகொண்டிருந்தன.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் சண்டை. பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து விடு என்றார்கள் சிலர். பிடிக்கிற மீனையெல்லாம் திரும்ப விடச் சொல் என்றார்கள் சிலர். ஆற்றையே மூடு, ஆட்களைக் குறை என்றும் குரல் எழுந்தது. வாய்க்காலில் போகிற தண்ணீரில் கொஞ்சத்தை ஆற்றுக்குத் திருப்பிக் கொடு என்றும் சொன்னார்கள். நான்குமே எளிதில் தள்ளிவிட முடியாத யோசனைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிழைப்பும் பணமும் பல தலைமுறைப் பழக்கமும் இருக்கின்றன.

இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: வயது. பெரிய டிரவுட் என்றால் 20 அங்குலம், அதாவது அரை மீட்டர் நீளம். மலையாற்றில் ஒரு பிரவுன் டிரவுட் அந்த நீளத்துக்கு வளர ஐந்தாறு வருடமாவது ஆகும். அந்த மீன் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையாக ஒரு குளிர்காலத்தைக் கடக்க வேண்டும். குஞ்சாக முதல் கோடையைத் தாண்ட வேண்டும். அப்புறம் ஐந்தாறு கோடை வெயில், ஐந்தாறு பனிக்காலம், கொக்கு, நீர்நாய், இத்தனை தூண்டில் முள். எந்த யோசனை மீனுக்கு வருடங்களைச் சேர்த்துக் கொடுக்கிறதோ அதுதான் பெரிய மீனைத் தரும். வெறும் எண்ணிக்கையைக் கூட்டுவது வேறு விஷயம்.

மோன்டானாவின் இப்போதைய பிரவுன் டிரவுட் சாதனை 2021 மார்ச்சில் பிடிபட்டது: 32.43 பவுண்டு, கிட்டத்தட்ட 14.7 கிலோ. ஆனால் அது மரியாஸ் ஆற்றில், டைபர் அணைக்குக் கீழே பிடித்தது. அணையின் அடியிலிருந்து வருடம் முழுக்கக் குளிர்ந்த நீர் வரும் இடம். அதற்கு முந்தைய சாதனை 1966இல் வேட் ஏரியில் பிடித்தது. கட்டுப்பாடில்லாமல் ஓடும் ஆற்றில் ஒரு மீன் பெரிதாவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். செய்தியில் வரும் ராட்சத மீன்களை வைத்து ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று முடிவுகட்டவும் கூடாது.

பண்ணை மீனை விடுவது

ஆசை காட்டும் வழி இதுதான். இன்றைக்கு லாரியில் கொண்டுவந்து கொட்டினால் நாளைக்கே தூண்டிலில் மீன் அடிக்கும். சுற்றுலா நிற்காது. அரசியல்வாதிக்கும் புகைப்படம் கிடைக்கும். பெரிய மீனே வேண்டும் என்றால் தீனி போட்டு 20 அங்குலம் வரை வளர்த்தே விடலாம். தனியார் குளங்களிலும் கட்டணத் தூண்டில் இடங்களிலும் அதுதான் நடக்கிறது.

இதை மோன்டானா அரை நூற்றாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. டிக் வின்சென்ட் என்ற மீன்வள உயிரியலாளர் 1960களின் கடைசியில் மேடிசன் ஆற்றில் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். வருடாவருடம் பண்ணை மீன் விடப்பட்ட வார்னி பகுதியில் இயற்கையாகப் பிறந்த மீன்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதனால் அங்கே விடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். பக்கத்திலிருக்கும் ஓடெல் ஓடையில் நேர்மாறாக, அதுவரை விடாத இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். முடிவு பலரையும் திகைக்க வைத்தது. நிறுத்திய இடத்தில், இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன இயற்கை மீன்கள் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகின. விட ஆரம்பித்த ஓடையில் இருந்த மீன்களும் குறைந்தன.

காரணம் மீனின் பழக்கத்தில் இருக்கிறது. ஆற்றில் பிறந்த டிரவுட் ஒவ்வொன்றும் ஒரு இடம் பிடித்து வைத்திருக்கும். பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சியை மட்டும் எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பும். அதிகம் அலையாமல் வயிறு நிரப்பும் வித்தை அது. சிமென்ட் தொட்டியில் நெரிசலில் வளர்ந்து, மேலேயிருந்து விழும் தீனிக்குப் பழகிய மீனுக்கு அந்த வித்தை தெரியாது. ஓட்டத்தில் அலையும், கண்ட மீனோடு மோதும், நின்றிருந்த மீனை இடத்தைவிட்டுக் கிளப்பும். சில மாதங்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆனால் அதற்குள் ஆற்று மீனின் ஒரு முழுக் கோடையையும் கெடுத்துவிட்டிருக்கும்.

1974இல் மோன்டானா துணிந்து முடிவெடுத்தது: டிரவுட் தானாகவே இனம் பெருக்கிக்கொள்ளும் ஆறுகளில் இனிப் பண்ணை மீன் விடுவதில்லை. அப்போது எதிர்ப்பு பலமாக இருந்தது. கடைக்காரர்கள், வழிகாட்டிகள், தூண்டில்காரர்கள் எல்லோரும் பயந்தார்கள். பின்னர் அந்த ஆறுகளைத் தேடி உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்ததே அந்த முடிவால்தான்.

நோயும் உண்டு. ஐரோப்பாவைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி, டிரவுட் குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்று, அவற்றை வட்டமடித்து நீந்த வைத்துக் கொல்லும். சுழல் நோய் என்று சொல்லலாம். 1950களில் பென்சில்வேனியாவின் மீன் பண்ணையொன்றில் தலைகாட்டிய அது, மீனோடு மீனாகப் பல மாநிலங்களுக்குப் பரவியது. 1994இல் மேடிசன் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டபோது, மேல் பகுதியில் ரெயின்போ டிரவுட் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிட்டிருந்தது. அப்போதும் மாநிலம் பண்ணை மீனை இறக்கவில்லை. பிழைத்த மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று காத்திருந்தது. வருடங்கள் ஆனாலும் ஆறு பெருமளவு மீண்டது.

ஆகவே என் கணக்கில் இந்த வழி முதலிலேயே விழுந்துவிடுகிறது. அணைக்குப் பின்னாலுள்ள ஏரி, ஊர்ப் பூங்காக் குளம், பிள்ளைகள் முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் பண்ணை மீன் விடுவதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. பிக் ஹோல் போன்ற ஆற்றில் விடக் கூடாது.

பிடித்ததைத் திரும்ப விடுவது

2023 கோடையில் மாநிலம் முதலில் கையிலெடுத்தது இதைத்தான். பல பகுதிகளில் பிடித்த டிரவுட்டை விட்டுவிட வேண்டும், உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான் என்று நெருக்கடிக்கால விதிகள் வந்தன. செலவில்லாத வழி, ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடலாம். நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இதனால் மட்டும் காரியம் ஆகாது. இந்த ஆறுகளுக்கு வரும் தூண்டில்காரர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே விட்டுவிடுகிறவர்கள்தான். சட்டம் வந்ததால் புதிதாகப் பிழைக்கும் மீன் அவ்வளவு அதிகமில்லை.

விட்ட மீன் பிழைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு இரண்டு பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் யெல்லோஸ்டோன் ஆற்றில் கட்த்ரோட் டிரவுட் என்ற உள்ளூர் வகையைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு மீனும் ஒரு பருவத்தில் சராசரியாக 9.7 முறை பிடிபட்டது. அப்படியும் ஒரு பிடிக்கு ஆயிரத்தில் மூன்று மீன்தான் செத்தது. குளிர்ந்த நீர், சின்ன முள், உடனே விடுதல் மூன்றும் சேர்ந்தால் மீன் நன்றாகவே தாங்கும் என்பதற்கு அது ஆதாரம்.

1992இல் கனடாவில் வெளியான ஆய்வு இதன் மறுபக்கம். ரெயின்போ டிரவுட்டைத் தொட்டியில் களைக்கும்வரை துரத்திவிட்டு, தண்ணீருக்கு வெளியே எடுத்து வைத்துப் பார்த்தார்கள். வெளியே எடுக்காமல் விட்டவற்றில் 12 விழுக்காடு செத்தன. 30 விநாடி காற்றில் இருந்தவற்றில் 38 விழுக்காடு. ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72 விழுக்காடு. ஆய்வகத்தில் ஏற்கெனவே பல விதத்தில் வதைபட்ட மீன்கள் அவை. ஆற்றில் இந்த அளவு வராது. என்றாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. மீனை ஏந்திக்கொண்டு, ‘இன்னொரு படம் எடு, வெயில் முகத்தில் விழவில்லை’ என்று நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மீன் மூச்சுத் திணறுகிறது. முள்ளைக் கழற்றும்போது கைவலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். படம் வேண்டுமா, முதுகு தெரிய அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வயது என்ற அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒரு மீன் வருடத்துக்கு ஐந்து முறை சிக்குகிறது, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு மூன்று சாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று விழுக்காடு என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. நான்கு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி மீன்கள் தூண்டிலால் மட்டுமே போய்விடும். இது நானே போட்ட கணக்கு. பெரிய மீன் அத்தனை வருடமும் இந்தச் சீட்டில் தப்பிக்கொண்டே வர வேண்டும். அதே கணக்கில் மூன்று விழுக்காட்டுக்குப் பதிலாக யெல்லோஸ்டோனின் ஆயிரத்துக்கு மூன்றைப் போட்டால் இழப்பு பெரிதாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரின் வெப்பமும் கையின் பக்குவமும்தான். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். அந்த நிலையில் பத்து நிமிடம் இழுத்து விளையாடிவிட்டு விடுவதற்கும் கொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் நனைக்காமல் தூண்டில் நரம்பை வீசுவதில்லை. 19 காட்டினால் சுருட்டி வைத்துவிடுவேன்.

ஆற்றை மூடுவது, ஆட்களைக் குறைப்பது

நீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸை, மூன்று நாள் தொடர்ந்து எட்டினால் பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் கூடாது என்பது மோன்டானாவில் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் விதி. உள்ளூரில் இதை ‘ஹூட் அவுல்’ கட்டுப்பாடு என்பார்கள். தேவையான விதிதான், ஆனால் தாமதமாக வருகிறது. 23 டிகிரியில் பிரவுன் டிரவுட் ஏற்கெனவே இரை எடுப்பதை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த ஊற்று வாயில் ஒண்டியிருக்கும். 25 டிகிரி அருகே தொடர்ந்து இருந்தால் உயிரே போகும். மூன்று நாள் காத்திருந்து பூட்டுவது அந்த மூன்று நாட்களைத் தாரை வார்ப்பது போலாகிறது.

முழுசாக மூடினால் என்ன ஆகும் என்பதை 2016 ஆகஸ்டில் பார்த்தோம். யெல்லோஸ்டோன் ஆற்றில் ஓர் ஒட்டுண்ணி தரும் சிறுநீரக நோயால் மலை வெண்மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. மாநிலம் 183 மைல் நீள ஆற்றையும் அதில் வந்து விழும் ஓடைகளையும் ஒரே உத்தரவில் மூடியது. தூண்டில் மட்டுமல்ல, படகு, நீச்சல் எல்லாவற்றுக்கும் தடை. பருவத்தின் உச்சத்தில் லிவிங்ஸ்டன் ஊரின் வழிகாட்டிகளும் படகுக்காரர்களும் விடுதிக்காரர்களும் வருமானமில்லாமல் நின்றார்கள். அந்த ஒட்டுண்ணியைத் தூண்டில்காரர்கள் கொண்டுவந்து கொல்லவில்லை. சூடான, வற்றிய ஆற்றில் மீன்கள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. மூடியது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை. வருடா வருடம் அதையே நம்பி ஓர் ஊர் பிழைக்க முடியாது.

ஆட்களைக் குறைப்பதற்கு ஸ்மித் ஆறு உதாரணம். அங்கே 59 மைல் தூரம் படகில் போக 1990களிலிருந்து குலுக்கலில் அனுமதி தருகிறார்கள். நாளுக்கு ஒன்பது குழுக்கள்தான் இறங்கலாம். நெரிசல் இல்லை, கரையில் குப்பை இல்லை. மேடிசனில் வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தூண்டில் நாட்கள் (ஒருவர் ஒரு நாள் தூண்டில் போட்டால் ஒன்று) பதிவாகும் காலத்தில் ஸ்மித்தைப் பார்த்துப் பொறாமைப்படாதவர் இருக்க முடியாது. அப்படிக் காப்பாற்றிய ஆறும் பல வருடங்களில் ஜூலை வந்தால் படகு தரை தட்டும் அளவுக்கு வற்றிவிடுகிறது. ஆளைக் குறைத்தால் ஆறு அமைதியாகும், நீர் ஊறிவிடாது.

தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது

மற்ற மூன்று வழிகளும் கடைசியில் முட்டி நிற்பது இங்கேதான். இதுதான் கடினமானதும்கூட.

1862இல் பீவர்ஹெட்டின் கிளையான கிராஸ்ஹாப்பர் ஓடையில் தங்கம் கிடைத்தது. பானக் என்ற ஊர் ஒரே வருடத்தில் முளைத்தது. தங்கம் அலச ஓடையைத் திருப்பியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம், பிறகு அப்படியே பாசனச் சட்டமானது: முதலில் எடுத்தவனுக்கு முதல் உரிமை. நம்மூரில் தலைமடை, கடைமடை என்று இடத்தை வைத்துச் சண்டை வரும். அங்கே தேதியை வைத்து வரும். 1870இல் உரிமை பதிந்த பண்ணை ஆற்றின் கடைசியில் இருந்தாலும், தண்ணீர் குறைந்த நாளில் மேலே இருக்கும் 1900ஆம் வருடப் பண்ணை தன் மதகை அடைக்க வேண்டும். உரிமையை நீண்ட காலம் பயன்படுத்தாமல் விட்டால் அது கைவிட்டுப் போய்விடவும் கூடும். இதில் மீன் எங்கே வருகிறது? நூறு வருடம் எங்கேயுமே வரவில்லை. ஆற்றில் ஓடுகிற நீர் ‘வீணாகிற’ நீர் என்றுதான் சட்டம் பார்த்தது.

1969இல் மோன்டானா சட்டமன்றம் 12 சிறந்த டிரவுட் ஆறுகளுக்கு மீனுக்காகவே நீர் உரிமை கோர வழிசெய்தது. மர்ஃபி உரிமைகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் அவற்றின் தேதி 1970ஐ ஒட்டியது. வறட்சியில் நூறு வருடம் மூத்த உரிமைகளெல்லாம் எடுத்த பிறகு மிச்சமிருந்தால்தான் மீனுக்கு. 1989இல் இன்னொரு வாசல் திறந்தது: பண்ணைக்காரரின் பழைய உரிமையை மாநிலம் குத்தகைக்கு எடுத்து, அந்த நீரை ஆற்றிலேயே ஓட விடலாம், உரிமையின் தேதியும் மாறாது. பின்னர் தனியார் அமைப்புகளுக்கும் அந்த வழி கிடைத்தது. காகிதத்தில் ஒரு வரிதான். ஆனால் 1880களின் தேதியுள்ள நீர் முதல்முறையாக மீன் பக்கம் வர முடிந்தது.

பிக் ஹோலில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அலாஸ்காவை விட்டுவிட்டால், ஆற்றில் வாழும் ஆர்க்டிக் கிரேலிங் மீனுக்கு அமெரிக்காவில் மிஞ்சிய கடைசி இயற்கை வாழிடம் அந்த ஆறுதான். அழியும் இனப் பட்டியலில் சேர்த்துவிட்டால் மத்திய அரசு வந்து மதகில் கை வைக்கும் என்று பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். 1995இல் பண்ணைக்காரர்கள், வழிகாட்டிகள், ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நீரோட்டம் இந்த அளவுக்குக் கீழே போனால் தூண்டிலை நிறுத்துவது, வாய்க்காலைக் குறைப்பது என்று தாங்களாகவே ஒரு வறட்சித் திட்டம் போட்டுக்கொண்டார்கள். 2006இல் அது முறையான ஒப்பந்தமாக வளர்ந்தது. நிலக்காரர் தன் பங்குக்கு நீரை மிச்சம் பிடிப்பார், கரையோரம் வேலி போட்டு வில்லோ செடிகள் தழைக்க விடுவார், தடுப்பணையில் மீன் ஏறப் படி வைப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவென்று வாய்க்காலை ஓடவிடாமல் இருக்கக் கிணறும் தொட்டியும் போட உதவி கிடைக்கும். பதிலுக்கு, நாளை அந்த மீன் பட்டியலில் ஏறினாலும் அவரிடம் கூடுதலாக எதுவும் கேட்க மாட்டோம் என்று அரசு உறுதி தந்தது.

இதில் என்னை ஈர்ப்பது, யாரும் யாரையும் திருடன் என்று சொல்லாமல் உட்கார்ந்து பேசியதுதான். கிரேலிங்குக்காக விட்ட தண்ணீர் பிரவுன் டிரவுட்டுக்கும் தண்ணீர்தானே. அப்படியிருந்தும் 2023இல் பிரவுன் டிரவுட் சரிந்தது என்றால், செய்தது போதவில்லை என்று அர்த்தம். மலைப்பனி முன்பைவிடச் சீக்கிரம் உருகி ஓடிவிடுகிறது. ஆகஸ்டில் ஆறு ஒடுங்கும்போதுதான் குதிரை மசாலுக்கும் புல்லுக்கும் கடைசித் தண்ணீர் தேவைப்படுகிறது. இரண்டு தாகமும் ஒரே மாதத்தில் வருகின்றன.

பண்ணைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வயலில் பாய்ச்சலாக விட்ட நீர் முழுவதும் போய்விடுவதில்லை. ஒரு பங்கு மண்ணில் இறங்கி, வாரக்கணக்கில் மெல்ல நகர்ந்து, கோடையின் கடைசியில் குளிர்ந்த ஊற்றாக ஆற்றுக்கே திரும்புகிறது. சிக்கனம் என்ற பெயரில் எல்லோரும் தெளிப்பு நீருக்கு மாறினால் அந்த ஊற்று வற்றலாம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ‘வாய்க்காலை அடை’ என்பது தப்பு; எந்த வாய்க்கால், எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். பண்ணையை நடத்த முடியாமல் விற்றுவிட்டால் அங்கே வருவது காடு இல்லை, மனைப்பிரிவு. வீட்டுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, ஆற்றங்கரை வரை புல்தரை. பண்ணையோடு பேசுவதைவிட அதோடு பேசுவது பல மடங்கு கஷ்டம்.

தண்ணீர் என்றால் கோடையை மட்டும் நினைத்துவிடுகிறோம். பிரவுன் டிரவுட் அக்டோபர், நவம்பரில் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டு மூடிவைக்கும். வசந்தம் வரை அந்தக் குழியின் மேல் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2021 நவம்பர் 30 அன்று மேடிசன் ஆற்றின் ஹெப்கன் அணையில் மதகின் ஒரு பாகம் உடைந்து, விநாடிக்கு 600 கனஅடிக்கு மேல் போய்க்கொண்டிருந்த நீர் மளமளவென்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறு நடுவோட்டத்துக்குச் சுருங்க, பக்கக் கிளைகளில் மீன்கள் குட்டைகளில் மாட்டிக்கொண்டன. என்னிஸ் ஊர்ப் பக்கத்து மக்கள் வாளியும் கைவலையுமாகக் குளிரில் இறங்கி, குட்டை குட்டையாக மீனை அள்ளி ஓடுகிற நீருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பிரவுன் டிரவுட் முட்டையிட்டு முடித்திருந்த நேரம் அது. வாளியில் மீனை அள்ளலாம், கல்லுக்கடியில் இருக்கும் முட்டையை அள்ள முடியாது. பீவர்ஹெட்டில் இது விபத்தாக இல்லாமல் வழக்கமாகவே நடக்கிறது. வறட்சி வருடத்துக்குப் பிறகு கிளார்க் கேன்யன் அணையில் அடுத்த பாசனத்துக்கு நீர் சேர்க்கவென்று குளிர்காலத்தில் ஆற்றுக்கு விடும் நீரைக் கடுமையாகக் குறைத்துவிடுகிறார்கள். பெரிய மீன் ஒதுங்கும் ஆழமான மடுக்கள் அப்போது சுருங்கிவிடுகின்றன.

அந்நிய மீனுக்கா இத்தனை பாடு?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிரவுன் டிரவுட் அமெரிக்க மீன் இல்லை; 1880களில் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்தது. அது வந்த இடங்களில் மண்ணின் மீன்களான கட்த்ரோட்டும் கிரேலிங்கும் ஒதுங்கின. நீலகிரியிலும் இதே கதைதான். வெள்ளையர் தங்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்த ரெயின்போ டிரவுட், 1907இல் அவலாஞ்சியில் தொடங்கிய குஞ்சு பொரிப்பகம், புல்வெளி ஓடைகளுக்கு முன்பின் தெரியாத ஒரு வேட்டை மீன். அங்கே இன்னும் கூடுதலாக மீன் விட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் ஒப்ப மாட்டேன். சோலைக்காட்டு ஓடைகளின் சொந்த உயிர்களுக்கே அங்கே முதல் உரிமை.

மோன்டானாவிலும் மண்ணின் மீனைத் திரும்பக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. மேடிசனின் கிளையான செர்ரி ஓடையில் 2003 தொடங்கிச் சில வருடங்கள் அந்நிய டிரவுட்டை மருந்து வைத்து முழுக்க அகற்றிவிட்டு கட்த்ரோட்டைக் குடியேற்றினார்கள். அருவியால் தடுக்கப்பட்ட சின்ன ஓடையில் அது முடியும். பிக் ஹோல், பீவர்ஹெட் போன்ற பெரிய ஆற்றில் 130 வருடமாக வேரூன்றிய மீனை அப்படி எடுக்க முடியாது, எடுத்தாலும் சூடான நீரில் கட்த்ரோட் பிரவுனைவிட முன்னால் சாகும். குளிர்ந்த நீர் இரண்டுக்கும் தேவை. அதனால் இந்த வாதம் தண்ணீருக்கு எதிராக நிற்பதில்லை.

சரி, பணமும் பொறுமையும் அளவாகத்தான் இருக்கின்றன. எதை முதலில் செய்வது? பண்ணை மீன் கூடவே கூடாது. 1974இன் முடிவைத் தொடக் கூடாது. திரும்ப விடும் விதியை அப்படியே வைத்துக்கொண்டு, மூடும் வெப்ப அளவை 73இலிருந்து 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்க வேண்டும். அதாவது 20 செல்சியஸ். வழிகாட்டிகளுக்கு இதனால் நஷ்டம் வரும் என்பது உண்மை. விடியற்காலையில் தொடங்கி முற்பகலில் முடிக்கும் பயணத்துக்குப் பலர் ஏற்கெனவே மாறிக்கொண்டிருக்கிறார்கள், அதுவே வழக்கமாகட்டும். முட்டையிடும் அக்டோபர், நவம்பரில் கூழாங்கல் மேடுகளுள்ள பகுதிகளை மொத்தமாக மூடலாம். அதற்கு யாருடைய கோடை வருமானமும் போகாது.

மிச்சப் பணம் முழுவதையும் தண்ணீர்க் குத்தகையில் போடுவேன். அதிலும் நடு ஆற்றில் அல்ல. ஜூலை கடைசி முதல் செப்டம்பர் நடு வரை, குஞ்சுகள் வளரும் கிளை ஓடைகளில், மூத்த தேதியுள்ள உரிமைகளை நல்ல விலை கொடுத்துக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். ஒரு போக அறுவடையை விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்கு அந்த அறுவடையின் முழு மதிப்பும் கிடைக்க வேண்டும். சிறு ஓடையில் விநாடிக்கு ஐந்து கனஅடி கூடினாலே வற்றிய படுகை ஓடுகிற படுகையாகிவிடும். அதே ஐந்து கனஅடியைப் பெரிய ஆற்றில் விட்டால் கண்ணுக்கே தெரியாது. மோன்டானா மாநிலப் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து 2023இல் தொடங்கிய ஆய்வுகளில், குஞ்சுகள் எந்த ஓடைகளிலிருந்து ஆற்றுக்கு வந்து சேர்கின்றன என்பதும் ஒன்று. அந்த ஓடைகளின் மதகுகளிலிருந்து தொடங்கலாம்.